நடுக்கம் எங்கே பிறந்தது?

மலாக்கா மாநிலத்தின் வட எல்லையை ஒட்டி அமைந்திருக்கும் சிறிய ஊர் புலாவ் செபாங். பக்கத்திலேயே நெகிரி செம்பிலானைச் சேர்ந்த தம்பின் நகரம். அதனால் இவ்வூர் இரயில் நிலையம் இரண்டு ஊர்களின் பெயரையும் சேர்த்தே தாங்கி நிற்கிறது. ஊரைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள்.

ஒரு சனிக்கிழமை காலை. ஆள்நடமாட்டமில்லாத திடலின் ஓரத்தில் படிவம் நான்கில் பயிலும் மாணவன் ஒருவன் தன் மாதிரி ஹெலிகாப்டரைப் புல்தரையில் வைத்தான். ஓராண்டாகச் சேமித்த பணத்தில் வாங்கிய பழைய ஹெலிகாப்டர் அது. அவனுடன் வந்த தாய்மாமா அருகிலுள்ள செம்பனை எண்ணெய் ஆலையில் இருபது ஆண்டுகளாக இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பணியில் இருப்பவர். இருவரும் பத்து மீட்டர் தள்ளி நின்றார்கள்.

ஹெலிகாப்டர் எழுந்தது; ஆள் உயரத்தில் நின்றது. ஆனால், அதன் வால்துடுப்பு தெளிவாகத் தெரியவில்லை. பனிமூட்டத்தின் ஊடே பார்ப்பதுபோல் மங்கலாக இருந்தது. தரைக்கால்கள் படபடத்தன. போதாக்குறைக்கு, வால் முழுவதும் இடமும் வலமுமாக மெதுவாக அசைந்தது. மாணவன் பதறிப்போய் அதைத் தரையிறக்கினான்.

“சுழல்தகடு கெட்டுப்போயிருக்கும், மாமா. புதியது ஒரு சோடி வாங்கிப் பூட்டினால் சரியாகிவிடும்.”

“வாங்குவது இருக்கட்டும். நடுக்கம் எங்கே பிறக்கிறது என்று முதலில் தெரிய வேண்டாமா?” என்றார் மாமா.

சுழலும் பொருள் எதுவும் ஓரளவு நடுங்கவே செய்யும். ஆலையின் காற்றாடி, நீர் இறைக்கும் பம்பு, வீட்டுச் சலவை இயந்திரம் என எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சுழலும் பொருளின் எடை அச்சைச் சுற்றி ஒரே சீராகப் பரவியிருந்தால் நடுக்கம் மிகக் குறைவு. ஒரு பக்கம் சற்றே கனத்துவிட்டால், அந்தக் கனம் அச்சைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே சுற்றும். சலவை இயந்திரத்தில் ஈரப் போர்வை ஒரு பக்கமாகக் குவிந்துவிட்டால் இயந்திரமே இடத்தைவிட்டு நகர்வதைப் பலரும் பார்த்திருப்பர்.

மாதிரி ஹெலிகாப்டரில் இந்த இழுவை எவ்வளவு இருக்கும்? மாணவனிடம் இருந்த ஹெலிகாப்டரின் சுழலி நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,500 முறை சுற்றுவது. நடுவிலிருந்து தகட்டின் நுனி 35 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. அந்த நுனியில் ஒரு கிராம் எடை மட்டும் கூடுதலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் என்பது காகிதங்களைச் சேர்த்துக் கௌவும் சிறிய கம்பிப் பிடிப்பின் எடை. ஆனால், அந்த வேகத்தில் அது 24 நியூட்டன் விசையுடன் அச்சை வெளியே இழுக்கும். கையில் 2.4 கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு. அந்த இழுப்பும் ஒரே திசையில் இல்லை. விநாடிக்கு 42 முறை திசை சுற்றிச் சுற்றி வருகிறது. சுழலும் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். திருகுகள் தாமாகவே கழல்வதும், மின்கம்பிகள் உரசி அறுந்துபோவதும், பேரிங்குகள் தேய்வதும் இதனால்தான். கழன்ற தகடு ஒன்று பறந்துவந்து ஆளைத் தாக்கினால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மாமா ஹெலிகாப்டரைத் தொடாமல் சில கேள்விகள் கேட்டார். தரைக்கால் நடுங்கியபோது அது இரண்டு மூன்று கால்களாகத் தெரிந்ததா, முழுவதும் மங்கிவிட்டதா? வால்துடுப்பு எப்படித் தெரிந்தது? கேட்ட ஓசை உறுமலா, இரைச்சலா?

காரணம் இல்லாமல் அவர் அதைக் கேட்கவில்லை. ஹெலிகாப்டருக்குள் எல்லாம் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. மேலே இருக்கும் முதன்மைச் சுழலி விநாடிக்கு 42 முறை சுற்றும்போது, வால் சுழலி அதைவிட நான்கரை மடங்கு விரைவாக, ஏறத்தாழ 190 முறை சுற்றுகிறது. பல்சக்கரத்தை ஓட்டும் மோட்டாரோ விநாடிக்கு 480 முறை சுற்றுகிறது. ஆகவே, ஒவ்வோர் உறுப்பின் கோளாறும் அதனதன் வேகத்திலேயே நடுக்கத்தை உண்டாக்கும். மேல் சுழலியின் நடுக்கத்தைக் கண்ணால் ஓரளவு பிரித்தறியலாம். தரைக்கால்கள் இரட்டையாகத் தெரியும். வாலிலிருந்தோ மோட்டாரிலிருந்தோ வரும் நடுக்கம் கண்ணுக்குப் பிடிபடாது; பொருளின் விளிம்பு பஞ்சுபோல் மங்கிவிடும். விரலால் தொட்டால் கூச்சம்போல் உணரலாம்; காதுக்கு ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் கேட்கும்.

“உன் ஹெலிகாப்டரில் இரண்டும் இருக்கின்றன. தரைக்கால் நடுங்கியது ஒன்று, வால்துடுப்பு மங்கியது இன்னொன்று. ஒன்றுக்கு மருந்து வாங்கிவிட்டு, இரண்டும் தீரவில்லையே என்று அழக்கூடாது,” என்றார் மாமா.

அன்று பிற்பகல் வீட்டுக்கூடத்து மேசைமேல் வேலை தொடங்கியது. முதலில் மேல் சுழலியின் இரண்டு தகடுகளையும் கழற்றினார்கள். வீட்டுக்குள் மோட்டாரை ஓட்டிப் பார்ப்பதானால் இது கட்டாயம். தகடுகளுடன் ஒருபோதும் ஓட்டக்கூடாது. ஹெலிகாப்டரின் உடலை மெத்தைத் துண்டின்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு பாதி வேகத்தில் மோட்டாரை இயக்கினான் மாணவன். வால்துடுப்பு அப்போதும் மங்கியது! மேல் தகடுகள் கழற்றப்பட்டுவிட்டன. ஆனால் நடுக்கம் போகவில்லை. எனில், வால்துடுப்பின் நடுக்கத்திற்கு மேல் தகடுகள் காரணமில்லை. காலையிலேயே கடைக்குப் போயிருந்தால் பணம் வீணாகியிருக்கும்.

அடுத்து வால் சுழலியின் சின்னத் தகடுகளையும் கழற்றினார்கள். மீண்டும் ஓட்டினார்கள். நடுக்கம் சற்றுக் குறைந்தது, ஆனால் மறையவில்லை. பிறகு மோட்டாரின் திருகுகளைத் தளர்த்தி, அதன் சிறிய பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தைத் தொடாதபடி விலக்கி, மோட்டாரை மட்டும் தனியே ஓட்டினார்கள். எவ்வித நடுக்கமும் இல்லை. மோட்டார் குற்றவாளி இல்லை, தகடுகளும் இல்லை. இடையில் எஞ்சியிருப்பவை வாலுக்குச் செல்லும் பட்டையும் வால் சுழலியின் தண்டும்தான்.

வால் தண்டு தீக்குச்சியைவிடச் சற்றே பருத்த எஃகுக் கம்பி. மாமா அதை வெளியே எடுத்து ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்து விரலால் உருட்டினார். நேரான கம்பி அமைதியாக உருளும். இது உருளும்போது ஒரு முனை எழும்பி எழும்பி விழுந்தது. கம்பிக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு மெல்லிய ஒளிக்கீற்று தோன்றி மறைந்தது.

“போன வாரம் இறக்கும்போது வால் புல்லில் பட்டது. புல்தானே என்று விட்டுவிட்டேன்,” என்றான் மாணவன்.

நிமிடத்திற்குப் பதினோராயிரம் முறை சுற்றும் பொருளுக்குப் புல் வெறும் புல்லன்று. வளைந்த தண்டைக் குறடால் நிமிர்த்திப் போடலாமா என்று அவன் கேட்டான். மாமா இசையவில்லை. ஒரு முறை வளைந்த எஃகு மீண்டும் எங்கே ஒடியும் என்று யாரும் சொல்ல முடியாது. புதிய தண்டின் விலை சில ரிங்கிட்தான்.

தரைக்கால்களின் நடுக்கம் இன்னும் பாக்கியிருந்தது. அதன் வேகம் மேல் சுழலியைச் சுட்டிக்காட்டியதால் அங்கே தேடினார்கள். நடுத்தண்டையும் தகடுகளைத் தாங்கும் குறுக்குத்தண்டையும் கண்ணாடியில் உருட்டிப் பார்த்தார்கள், இரண்டும் நேர். அடுத்ததாகத் தகடுகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு தகட்டையும் ஓர் அடிக்கோலின் விளிம்பில் படுக்க வைத்து, அது எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறதோ அங்கே பென்சிலால் கோடிட்டார்கள். இரண்டு கோடுகளும் நுனியிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், இருந்தன. பின்னர் இரண்டு தகடுகளின் அடிப்பகுதிகளையும் ஒரே திருகாணியில் கோத்து, தராசின் இரு கைகளைப்போல் விரித்துத் தொங்கவிட்டார்கள். ஒரு பக்கம் தாழ்ந்தது. உயர்ந்து நின்ற தகட்டில், பென்சில் கோட்டின்மேல், ஒட்டும் நாடாவைச் சிறிது சிறிதாகச் சுற்றினார்கள். இரண்டரைச் சுற்றுக்குப் பிறகு இரு தகடுகளும் மட்டமாக நின்றன. இரண்டரைச் சுற்று நாடாவின் எடை ஒரு கிராம்கூட இருக்காது. ஆனால் மேலே செய்த கணக்கை மாணவன் அப்போது நினைத்துப் பார்த்தான்.

தகடுகளைத் திரும்பப் பூட்டும்போது அவன் திருகுகளை முடிந்தமட்டும் இறுக்கினான். மாமா தடுத்தார். ஆலையில் எதையும் இறுக்கமாகப் பூட்டச் சொல்பவர் இங்கே ஏன் தடுக்கிறார் என்று அவனுக்கு விளங்கவில்லை. தகடுகள் தம் திருகாணியில் சற்றே நகர இடம் வேண்டும். சுழலும்போது மையவிலக்கு விசை அவற்றை இழுத்து நேர்க்கோட்டில் நிறுத்திவிடும். இறுக்கிப் பூட்டினால் கோணலாகப் பூட்டிய தகடு கோணலாகவே சுற்றும். ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தகடு தன் எடையால் தொங்கிவிழக் கூடாது. லேசாக உலுக்கினால் நகர வேண்டும். அதுதான் சரியான இறுக்கம்.

மறுநாள் திடலில் இன்னொன்று தெரிந்தது. ஒரு தகட்டின் நுனியில் சிவப்பு நாடாவும் மற்றதில் நீல நாடாவும் ஒட்டியிருந்தார்கள். சுழலும்போது இரண்டு நிறங்களும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். ஆனால், நீலம் மேலேயும் சிவப்பு கீழேயுமாக இரண்டு கோடுகள் தெரிந்தன. ஒரு தகடு மற்றதைவிட அதிகக் கோணத்தில் காற்றை வெட்டி உயரே ஏறிச் சுற்றியது. ஹெலிகாப்டரை இறக்கி நிறுத்தி, நீலத் தகட்டின் இணைப்புக் கம்பியை அரைச் சுற்று திருப்பிய பிறகு இரு நிறங்களும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தன. இதைப் பார்க்க ஆர்வக்கோளாறில் சிலர் அருகில் சென்று சுழலியின் மட்டத்திற்குக் குனிந்து பார்ப்பதுண்டு. அந்த மட்டத்தில்தான் தகடு பறந்துவரும். தள்ளி நின்று கைப்பேசியில் மெதுவியக்கக் காணொளியாகப் பதிவுசெய்து பார்ப்பதே நல்லது.

மோட்டாரைத் தொடக்கும்போது, சுழலி பாதி வேகத்தை எட்டும் தருணத்தில், தரைக்கால்கள் ஒரு கணம் வெடவெடத்துப் பின் அடங்குவதையும் மாணவன் கவனித்தான். அது கோளாறன்று. வீடுகளில் குழந்தைகளைத் தூங்கவைக்கும் ஸ்பிரிங் தொட்டிலை எண்ணிப் பார்க்கலாம். தொட்டிலுக்கென்று ஓர் ஆட்ட வேகம் இருக்கிறது. அந்த வேகத்தோடு ஒத்துத் தட்டினால் சிறு விரலின் விசைக்கே தொட்டில் குதித்தாடும். ஒவ்வாத வேகத்தில் எவ்வளவு தட்டினாலும் ஆடாது. தரைக்காலுக்கும் வால்குழாய்க்கும் அப்படிச் சொந்த வேகங்கள் உண்டு. சுழலியின் வேகம் அதைத் தொட்டுக் கடக்கும் கணத்தில் ஆட்டம் பெருகுகிறது. இதை ஒத்ததிர்வு என்பர். அந்த வேகத்தைக் கடந்துவிட்டால் அடங்கிவிடும். அங்கேயே நிறுத்திவைத்தால் ஹெலிகாப்டர் தன்னைத் தானே உடைத்துக்கொள்ளவும் கூடும்.

இப்போது வால்துடுப்பு தெளிவாகத் தெரிந்தது. தரைக்கால்கள் அமைதியாக இருந்தன. ஆனால், வால் இடமும் வலமுமாக விநாடிக்கு இரண்டு மூன்று முறை மெதுவாக அசைவது மட்டும் நிற்கவில்லை. ஹெலிகாப்டருக்குள் சுழலும் எதுவும் இவ்வளவு மெதுவாகச் சுழல்வதில்லை. மாமா தலையைச் சொறிந்தார்.

“இது இரும்பின் நோய் இல்லை. எனக்குப் பிடிபடவில்லை,” என்றார்.

மாதிரி ஹெலிகாப்டர்கள் எப்போதும் விளையாட்டுப் பொருள்களாக இருந்ததில்லை. அமெரிக்கரான ஆர்தர் யங் 1930களில் பென்சில்வேனியாவில் சிறு மாதிரிகளைச் செய்து செய்து உடைத்தே ஹெலிகாப்டரை நிலையாக நிற்கவைக்கும் வழியைக் கண்டார். சுழலியோடு சேர்ந்து சுற்றும், இரு முனைகளிலும் எடை பூட்டிய ஒரு கம்பியே அவ்வழி. 1941இல் அந்த மாதிரியுடன் அவர் பெல் நிறுவனத்திற்குச் சென்றார். அங்கே உருவான பெல் 47 ஹெலிகாப்டர் 1946 மார்ச் 8ஆம் நாள் அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்பாட்டிற்குச் சான்று பெற்ற முதல் ஹெலிகாப்டர் ஆயிற்று. அந்தக் கம்பி பல்லாண்டுகள் மாதிரி ஹெலிகாப்டர்களிலும் இருந்தது. இன்று அதன் வேலையைக் கைரோ எனப்படும் சிறு மின்னணுப் பெட்டி செய்கிறது. அது அசைவை உணர்ந்து, ‘இடப்புறம் திரும்பிவிட்டாய், வலப்புறம் வா’ என்று வாலுக்கு விநாடிக்குப் பலநூறு முறை கட்டளையிடுகிறது.

அன்றிரவு மாணவன் கைரோவைப் பற்றிப் படிக்கப்போய், செவ்வாய்க் கோளில் பறந்த ஒரு ஹெலிகாப்டரில் வந்து நின்றான். அதன் பெயர் இன்ஜெனுயிட்டி. எடை 1.8 கிலோ. ஒன்றன்மேல் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரண்டு சுழலிகள். நுனியிலிருந்து நுனிவரை 1.2 மீட்டர். அவை நிமிடத்திற்கு 2,537 முறை சுற்றின. அவனுடைய ஹெலிகாப்டரின் வேகமும் ஏறக்குறைய அதுதான்! நாசாவின் இந்தத் திட்டத்திற்குத் தலைமைப் பொறியாளராக இருந்த பாப் பலராம், சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் பயின்று 1980இல் பட்டம் பெற்றவர்.

செவ்வாயின் காற்று நம் காற்றின் அடர்த்தியில் நூற்றில் ஒரு பங்கு அளவே. அந்த மெல்லிய காற்றைக் கூடத்திற்குள் அமைத்துத் தொடக்க கால மாதிரி ஒன்றைப் பறக்கவிட்டபோது, அதைக் கட்டுப்படுத்த முடியவில்லை. பூமியில் சுழல்தகடுகள் மேலும் கீழும் அடித்துக்கொள்ளும்போது அடர்ந்த காற்றே அந்த ஆட்டத்தை அமுக்கிவிடுகிறது. செவ்வாயில் அமுக்குவதற்குக் காற்று போதாது. ஆகவே, பொறியாளர்கள் தகடுகளை மிக விறைப்பாக அமைத்தார்கள். 2021 ஏப்ரல் 19ஆம் நாள் இன்ஜெனுயிட்டி முதன்முறை எழுந்து பறந்தது. வேறொரு கோளில் இயந்திர விசையால் மனிதர் நிகழ்த்திய முதல் கட்டுப்பாட்டுப் பறத்தல் அது.

மாணவனின் கண் நின்ற இடம் ஆறாவது பறத்தல். 2021 மே 22ஆம் நாள் அந்த ஹெலிகாப்டர் பறந்துகொண்டிருக்கும்போதே முன்னும் பின்னுமாகச் சாய்ந்து ஆடத் தொடங்கியது. 20 பாகைக்கு மேலும் சாய்ந்தது. ஆனாலும், குறித்த இடத்திற்கு ஐந்து மீட்டருக்குள் பத்திரமாக இறங்கிவிட்டது. அதன் தண்டு வளையவில்லை, தகடும் உடையவில்லை. தரையைப் படமெடுத்து வழியறியும் கேமராவின் படங்களில் ஒன்றே ஒன்று தொலைந்துபோயிருந்தது. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு படத்திலும் நேரக்குறிப்பு தவறியது. ‘நான் இப்போது இங்கே இருக்கிறேன்’ என்று அது எண்ணியபோது உண்மையில் வேறோர் இடத்தில் இருந்தது. இல்லாத பிழையைத் திருத்தத் திருத்தப் புதிய பிழை பிறந்தது.

மாணவனுக்கு விடை தெரிந்துவிட்டது. அவனுடைய கைரோவும் திருத்தத்தான் செய்கிறது. ஆனால், தேவைக்கு மேல் திருத்துகிறது. இடப்புறம் ஓர் அங்குலம் போன வாலை வலப்புறம் இரண்டு அங்குலம் தள்ளுகிறது; பிறகு அதைத் திருத்த மீண்டும் இடப்புறம். அடுத்த வாரம் திடலில் அவன் கைரோவின் உணர்திறனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தான். மூன்றாவது முறை குறைத்தபோது வால் ஆடாமல் நின்றது. மாமா எதுவும் சொல்லாமல் அவன் தோளைத் தட்டினார்.

ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பப்பட்ட இன்ஜெனுயிட்டி 72 முறை பறந்தது. கடைசிப் பறத்தல் 2024 ஜனவரி 18ஆம் நாள். கீழே மணல் ஒரே சீராக விரிந்துகிடந்ததால், அடையாளம் பிடித்து வழியறிய அதன் கேமராவுக்கு எதுவும் கிட்டவில்லை. பக்கவாட்டு வேகத்தோடு தரையைத் தொட்டுச் சாய்ந்தது. தகடுகளின் நுனிப்பகுதிகள் ஒடிந்தன. ஒடிந்த தகடுகளுடன் சுழலி தொடர்ந்து சுற்றவே கடும் நடுக்கம் எழுந்தது. அந்த நடுக்கமே ஒரு தகட்டை அடியோடு பிடுங்கி எறிந்தது என்பது பொறியாளர்கள் பின்னர் கண்ட முடிவு. கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், கையால் தொட்டுப் பார்க்கவும் கண்ணாடியில் உருட்டிப் பார்க்கவும் வழியில்லாத நிலையில், வந்து சேர்ந்த படங்களையும் தரவுகளையும் மட்டும் வைத்துக்கொண்டே அவர்கள் அதைக் கண்டறிந்தார்கள்.

அந்த ஒடிந்த தகட்டின் நிழற்படத்தை மாணவன் கைப்பேசியில் மாமாவுக்குக் காட்டினான். மாமா அதை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, மேசைமேல் கிடந்த அவனுடைய தகடுகளை எடுத்தார். ஒவ்வொன்றையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெல்ல வளைத்துப் பார்த்தார். சிவப்பு நாடா ஒட்டிய தகட்டில், திருகாணித் துளையின் ஓரத்தில், தலைமுடியளவு ஒரு விரிசல் தெரிந்தது.

“இப்போது வாங்கு,” என்றார் மாமா.